காரையை எடுத்தால் பல் ஆடுமா?

"காரையை எடுத்தா பல்லு ஆடும்டி, கிட்டப் போகாதே" என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். காரை என்றால் பல்லில் கல் மாதிரி இறுகி ஒட்டிக்கொள்ளும் அழுக்கு. பல் தேய்க்கும்போது பல வருஷமாகவே ரத்தம் வரும். துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பேன். வலி இல்லையே, அப்புறம் எதற்கு டாக்டர் என்று நினைத்தேன். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலே முற்றும் என்பது தெரியாமல் போய்விட்டது. அம்மாவுக்கு 55 வயதுக்குள் எல்லாப் பல்லும் விழுந்துவிட்டன. அவர் ஒரு தடவைகூடக் காரை எடுத்துக்கொண்டதில்லை.

எனக்கு 47 வயதில் கீழ் முன்பற்கள் நான்கும் நாக்கால் தள்ளினாலே அசைந்தன. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, நான்கையும் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைக்கலாம் என்றார்கள். எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. கூட வேலை செய்யும் அக்காதான், "சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறுக்கென்றே தனிப் பிரிவு இருக்கு, பிடுங்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு வாட்டி காட்டு" என்றார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது.

அங்கே முதலில் செய்தது அளவெடுப்பு. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளந்தார் முதுகலை படிக்கும் பெண் டாக்டர். பக்கத்தில் ஒரு மாணவி எழுதிக்கொண்டார். "ஐந்து, ஆறு, ஏழு, ரத்தம்... ஆறு, ஐந்து, ஏழு, ரத்தம்..." மூன்று வரை இருந்தால்தான் நல்ல ஈறு என்று முன்பே சொல்லியிருந்தார். ஒவ்வொரு எண்ணும் காதில் விழ விழ வயிற்றைப் பிசைந்தது. வலது கீழ் கடைவாய்ப் பல் ஒன்றில் எட்டு.

நான் கேட்ட முதல் கேள்வியே அம்மாவின் கேள்விதான். "காரையை எடுத்தா ஆட்டம் அதிகமாகாதா?" அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, பல்லைப் பிடிச்சிட்டிருக்கிற எலும்பு ஏற்கெனவே கரைஞ்சிடுச்சு. காரை நடுவுல சிமென்ட் மாதிரி ஒட்டிக்கிட்டு அதை மறைச்சிட்டிருக்கு. எடுத்ததும் இருக்கிற ஆட்டம் வெளியே தெரியும். ஈறு வீக்கம் வடிஞ்சா மறுபடி இறுகும். கரைஞ்ச எலும்பு திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்." இந்த நாலு வரியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அம்மாவின் பற்கள் சிலவாவது தங்கியிருக்கும்.

மாத்திரையிலேயே சரியாகாதா என்றும் கேட்டேன். கிருமிகள் காரையின் மேல் பிசின் மாதிரி படலம் கட்டி உட்கார்ந்திருப்பதால், கருவியால் அதைக் கலைக்காமல் மாத்திரை மட்டும் போட்டுப் பயனில்லையாம். சிலருக்கு மட்டும் சுத்தம் செய்வதோடு சேர்த்து ஆன்டிபயாடிக் கொடுப்பார்களாம், எனக்குக் கொடுக்கவில்லை. லேசர் பற்றியும் விசாரித்தேன். ஆழமாகச் சுத்தம் செய்வதைவிட அதில் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் மெஷினால் வாய் முழுக்க மேலோட்டமாகச் சுத்தம். அப்புறம் வாயை நான்காகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பகுதி, மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டினார். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. வலி இல்லை, ஆனால் சுரண்டும் சத்தம் எலும்பு வழியாகக் காதுக்குள் கேட்கும். ஆரம்பத்தில் கரகரவென்று இருந்த சத்தம் போகப்போக வழுவழுப்பாக மாறும். "இந்தச் சத்தம் வந்தா வேர் சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம்" என்றார். பஞ்சில் துடைத்ததைக் காட்டச் சொன்னேன். கருகிய கடுகு மாதிரி கறுப்புத் துணுக்குகள். ஈறுக்கு அடியில் இருக்கும் காரை மஞ்சளாக இருக்காது, இப்படித்தான் கறுத்துக் கெட்டியாக இருக்குமாம்.

முதல் வாரம் பற்கள் நிஜமாகவே கூடுதலாக ஆடின. தண்ணீர் பட்டால் கூசியது. பல் இடுக்கில் கறுப்பாக முக்கோண ஓட்டைகள் தெரிந்தன. முன்னாலேயே விளக்கியிருக்காவிட்டால் பாதியில் ஓடியிருப்பேன். வீக்கம் வடிந்து ஈறு கீழே இறங்குவதால் பல் நீளமாகத் தெரியும், அந்த இடைவெளி நிரந்தரம். போகப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே போங்கள். முன்பற்கள் நான்கையும் பின்பக்கம் மெல்லிய கம்பி வைத்துப் பல் நிறப் பசையால் சேர்த்துக் கட்டிவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ், வேளைக்கு 10 மில்லி, காலையும் இரவும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே கொப்பளித்தால் மருந்தின் வேலை குறையும், அரை மணி நேரம் விட வேண்டும். அதற்கு மேல் நாள் கணக்கில் தொடர்ந்தால் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும்.

ஆனால் நிஜமான வைத்தியம் என்று நான் சொல்வது பல் இடுக்கு பிரஷ்ஷைத்தான். குட்டி பாட்டில் பிரஷ் மாதிரி இருக்கும். முன்பற்களுக்கு மெல்லியது, கடைவாய்க்குக் கொஞ்சம் தடிமன். முதல் ராத்திரி ஒவ்வொரு இடுக்கிலும் ரத்தத்தோடு வெளியே வந்தது, முகர்ந்தால் அழுகல் வாடை. இதையா இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்தேன் என்று கண் கலங்கிவிட்டது. இரண்டே வாரத்தில் ரத்தமும் நின்றது, வாடையும் போனது. இப்போது எவ்வளவு அசதியாக இருந்தாலும் கண்ணாடி முன் பத்து நிமிஷம் நிற்காமல் படுப்பதில்லை.

என் சர்க்கரையைப் பற்றியும் அந்த டாக்டர்தான் பேசினார். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு அழற்சி சர்க்கரையை ஏற்றும், இரண்டும் ஒன்றையொன்று இழுக்குமாம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c எனக்கு அப்போது 9.1 சதவீதம். ஈறு வைத்தியத்தால் மட்டும் இது சுமார் 0.3, 0.4 குறையலாம் என்றார். மருந்து மாற்றி, இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, எல்லாம் சேர்ந்து 7.4-க்கு வந்திருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். "மூன்று, மூன்று, நான்கு..." ஏழு இருந்த இடமெல்லாம் நான்கு. கடைவாய்ப் பல் மட்டும் எட்டிலிருந்து ஆறு வரைதான் வந்தது. அங்கே இரண்டு வேர்களுக்கு நடுவே கருவி சரியாகப் போவதில்லை, ஈறைத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்கிறார்கள். சர்க்கரை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கிறோம். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்வருகிறேன்.

போன வாரம் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன். 41 வயது, தேய்த்தால் ரத்தம், அவனும் காரையை எடுத்தால் ஆடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று எண்களைக் கேட்டேன். நான்கு, ஐந்து, நான்கு. எங்கும் ஆறு இல்லை. திரும்பும்போது அவனுக்கும் ஒரு பாக்கெட் இடுக்கு பிரஷ் வாங்கிக் கொடுத்தேன்.