வெங்காயக் காசும் மலோரி டவர்ஸும்

ரீச்சர் காலமாகிவிட்டார் என்ற செய்தி பழைய மாணவியர் சங்கத்து வட்ஸ்அப்பில் வந்ததும், மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். எந்த ரீச்சர் என்று எழுபதுகளில் விடுதியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. ஆங்கிலப் பாடம், இரவு மேற்பார்வை, லைப்ரரி அலுமாரிச் சாவி மூன்றும் ஒரே கையில் இருந்த காலம் அது.

தமிழாராய்ச்சி மாநாடு நடந்த 1974. பாணுக்கு வரிசை, மாவுக்குத் தட்டுப்பாடு. ஆனால் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராமல் அரசு மறித்திருந்ததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. அச்சுவேலியில் ஐயா வைத்த வெங்காயம்தான் என்னை விடுதிக்கு அனுப்பியது. வந்த கையோடு நான் இங்கிலாந்துக்குப் போய்விட்டேன். அதாவது, அந்த அலுமாரிக்குள்.

மிஷன் காலத்தில் வந்து சேர்ந்த புத்தகங்கள். அட்டை கழன்ற அஞ்சலா பிரேசில், கறையான் ருசி பார்த்த எனிட் பிளைட்டன். பிளைட்டனின் விடுதிப் பள்ளிக் கதை வரிசைகளான செயின்ட் கிளேர்ஸ், மலோரி டவர்ஸ் இரண்டையும் அந்த ஆண்டில் திரும்பத் திரும்ப வாசித்தேன். நானும் ஒரு விடுதியில்தான் இருக்கிறேன் என்பது ஏனோ உறைக்கவில்லை. அவர்களுடையதுதான் விடுதி, எங்களுடையது மணியும் சம்பலும்.

அந்தக் கதைகளில் ஒரு சட்டம் உண்டு. என்ன நடந்தாலும் ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. பிழை செய்தவள் தானே போய் ஒப்புக்கொள்வாள், தலைமையாசிரியை மெச்சுவார், எல்லோரும் தேநீருக்குப் போவார்கள்.

ஒருநாள் இரவு குசினியில் ஒரு ரின்பால் காணாமற்போனது. எடுத்தவளை நான் கண்டேன். (அவள் இப்போது ஸ்காபரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள், இந்த மலரையும் வாசிப்பாள். இப்போதும் பெயர் சொல்லமாட்டேன்.) ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆரெண்டு உமக்குத் தெரியும்."

மலோரி டவர்ஸின் டரல் எப்படி நிற்பாளோ அப்படி நிமிர்ந்து நின்றேன். ரின்பால்காரி வந்து ஒப்புக்கொள்வாள் என்று விடியும்வரை காத்திருந்தேன். அவள் நன்றாக நித்திரை கொண்டாள். பெரிய டோர்ம் முழுவதற்கும் வீடு போகும் வாரம் ரத்து. அதன்பிறகு ஒருத்தியும் என்னோடு கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பார்க்க வருகிறவர்கள் வரும் நேரம், சாப்பாட்டு மண்டப வாசலில் என்னை நிற்கவைத்தார். ஐயா பனங்காய்ப் பணியாரப் பையோடு வந்தார். எல்லோருடைய தாய் தகப்பனும் பார்க்க, ரீச்சர் அவரிடம் சொன்னார்:

"களவெடுத்தது உங்கட மகள் இல்லை. ஆனா ஆரெண்டு சொல்லமாட்டாவாம். இங்கிலீஷ் கதையில அப்பிடித்தானாம்."

ஐயா தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அப்ப அந்தப் புத்தகங்களைக் குடுக்காதேங்கோ ரீச்சர்." நின்றதுகூடப் பரவாயில்லை. வாசலில் நிற்கிற மகளுக்காக அவர் அப்படிப் பணிந்து கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாளே ரீச்சர் ஒரு புத்தகத்தை நீட்டினார். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தன் அட்டைக்கு எடுத்தது. "திங்கட்கிழமை தாரும்" என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. மன்னிப்பா, பிடிவாதமா, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எலினோர் பிரென்ட்-டயர் 1940இல் எழுதிய ஷாலே ஸ்கூல் கதை அது. ஒஸ்திரியாவில் நாஜிகள் புகுந்ததும் பள்ளிக்கூடமே இடம்பெயர்கிறது. ஒரு கூட்டம் பிள்ளைகள் மலை தாண்டி சுவிஸுக்குத் தப்பி ஓடுகிறார்கள், பள்ளி ஒரு தீவில் மறுபடி தொடங்குகிறது, அடுத்த கதையில் அங்கிருந்தும் கிளம்புகிறது. நான் அதை ஓட்டப் பந்தயம் பார்க்கிற மாதிரி வாசித்தேன். சுவிஸ் என்றால் அப்போது சொக்லேட். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் பின்னாளில் அங்கேயும் கனடாவிலும் இருப்பார்கள் என்று யார் கண்டது? நூலகம் 1981இல் ஏறத்தாழ 97,000 புத்தகங்களோடு எரிந்தது. நான் 1984இல் லண்டன் வந்தேன்.

ரீச்சர் வரவில்லை. சிட்னியில் இருந்த தம்பிமார் கூப்பிட்டும் போகவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் சனத்தோடு சனமாகச் சாவகச்சேரிக்கு நடந்தார், அடுத்த ஆண்டு திரும்பிப் போனார். அந்த நாட்களில் அவருக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு நேரம் இருந்திருக்கும்.

2002 போர்நிறுத்தத்தோடு வந்த சமாதான காலத்தில்தான் தொலைபேசியில் பிடித்தேன். குரல் மாறவில்லை. மலோரி டவர்ஸ் பிள்ளைகள் நீந்துகிற, பாறைக்குள் கடல்நீர் நிரம்பும் அந்தக் குளத்தை அவர் மறந்திருக்கவில்லை.

"கோர்ன்வோலுக்குப் போனனீரோ பிள்ளை?"

"போனன் ரீச்சர். பியூட் எண்ட ஊரில அப்பிடி ஒண்டு இருக்கு, 1930இல கட்டினது. கால் வைக்கேலாது, அவ்வளவு குளிர். எங்கட கீரிமலைக் கேணி மாதிரி வராது."

"அது சரி. கீரிமலை இப்ப ஆமின்ர பாதுகாப்பு வலயத்துக்குள்ள. நீர் கோர்ன்வோலிலேயே குளியும்."