ஐந்தாவது ஆண்டில் ஒரு கவுன்சிலர்

2021 மே மாதம் என் தொகுதி மக்கள் நான்கு ஆண்டுகளுக்கென்று என்னை இங்கிலாந்தின் ஒரு கவுண்டி கவுன்சிலுக்கு, அதாவது பல மாவட்ட கவுன்சில்களுக்கு மேலே இருக்கும் உள்ளாட்சி சபைக்கு, அனுப்பினார்கள். நான்கு ஆண்டும் முடிந்தது, தேர்தல்தான் வரவில்லை. இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்பையே மாற்றப்போகிறோம், கலையப்போகிற சபைக்கு எதற்குத் தேர்தல் என்று, 2025 மே தேர்தலை ஒன்பது கவுன்சில்களில் ஓராண்டு தள்ளிவைத்தார்கள். எங்களுடையதும் அதில் ஒன்று. அரசு தானாகத் தள்ளிவைக்கவில்லை. கவுன்சில் தலைமைகள் கேட்டன, அரசு கொடுத்தது. எங்கள் சபையில் எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். பேசியதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் 2026 பெப்ரவரியில் பட்ஜெட் கூட்டம். பட்ஜெட்டுக்கு யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று பெயரோடு பதிய வேண்டும் என்பது 2014-லிருந்து சட்டம். என் பெயரைக் கூப்பிட்டதும் ‘ஆதரவு’ என்றேன். வீட்டுக்கு வீடு கட்டும் கவுன்சில் வரியில் உயர்வு 4.99 சதவீதம். ஐந்தைத் தொட்டால் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும், அதனால்தான் பாட்டா செருப்பு விலை மாதிரி ஒரு எண். அந்த 4.99-இல் 2 புள்ளி, முதியோர், இயலாதோர் போன்ற வயதுவந்தோரின் பராமரிப்புக்கு மட்டுமே செலவாக வேண்டும். மக்கள் எனக்குத் தராத ஓர் ஆண்டில் அவர்கள் வரியை உயர்த்தியிருக்கிறேன். இன்று கூப்பிட்டாலும் ‘ஆதரவு’ என்றுதான் சொல்வேன், ஏனென்றால் கணக்கைச் சமன் செய்யாமல் பட்ஜெட் போடச் சட்டம் இடம் தராது. நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி கவுன்சில் 2018-ல் பணமில்லை என்று கையை விரித்தது. மூன்றே ஆண்டில் அந்தக் கவுண்டி கவுன்சிலே இல்லாமல் போய், அந்த இடத்தில் இரண்டு புதிய கவுன்சில்கள் வந்தன.

என் தொகுதியில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெரியவர் அடிக்கடி போன் எடுப்பார். “தம்பி, இந்தக் கிழமையும் குப்பை வண்டி வரேல்லை. வரியை மட்டும் கூட்டத் தெரியுது உங்களுக்கு.” வீட்டுக்கு வந்து குப்பையை எடுப்பது மாவட்ட கவுன்சில், எடுத்த குப்பையை என்ன செய்வதென்று பார்ப்பது நாங்கள். வரிச்சீட்டை அனுப்பி வசூலிப்பதும் மாவட்டம்தான். ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பங்கு எங்களுக்கு வருகிறது. இதையெல்லாம் போனில் விளக்கினால் தட்டிக்கழிப்பதாகத்தான் கேட்கும். “சரி ஐயா, நான் சொல்லிவிடுகிறேன்” என்று வைத்துவிடுவேன்.

வருகிற பணத்தில் பெரும்பகுதி பராமரிப்புக்கும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும், ஆதரவற்ற குழந்தைகளுக்கும் போய்விடும். சட்டம் கட்டாயமாக்கிய செலவுகள் அவை. எங்கள் கத்தரி எட்டுவதெல்லாம் நூலகம், பேருந்து மானியம், சாலைக் குழி. ஆட்கள் தினமும் கண்ணால் பார்ப்பதும் அவற்றைத்தான்.

சமீபத்திய முடிவுகளில் என்னை அதிகம் உறுத்துவது பள்ளிப் போக்குவரத்து. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 2 மைல், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 3 மைல். தகுந்த மிக அருகிலுள்ள பள்ளி அதைவிடத் தூரமாக இருந்தால் இலவசப் பயணம் தந்தாக வேண்டும். தூரம் கார் போகும் சாலையில் அளக்கப்படுவதில்லை, நடக்கக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கப்படுகிறது. செலவைக் குறைக்க வழிகளை மறுபடி அளந்தபோது, எங்கள் பக்கத்துக் கிராமமொன்று 3 மைலுக்குச் சற்று உள்ளே விழுந்துவிட்டது. காரணம், வயல் ஓரமாகப் போகும் ஒரு நடைபாதை. ஒரு தாய் அந்தப் பாதையை ஜனவரிக் காலையில் போனில் படம் பிடித்து மேல்முறையீட்டுக்குக் கொண்டுவந்தார். படத்தில் டார்ச் வெளிச்சம் விழுந்த சேறும் ஒரு வேலிப்படியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதிகாரி மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: பெரியவர் ஒருவர் கூட நடந்தால் பாதுகாப்பாகப் போக முடியுமா என்பதே விதியின் கேள்வி. அந்தத் தாய்க்கு ஏழரை மணிக்கு ஷிஃப்ட். விதியில் ஷிஃப்டுக்கு இடமில்லை. எங்கள் முடிவுக்கு விடப்பட்ட விதிவிலக்கைப் பயன்படுத்தி அந்தப் பிள்ளைக்குப் பள்ளி வண்டியில் இடம் வாங்கினோம். அதே தெருவில் முறையிடத் தெரியாத வீடுகளும் இருக்கின்றன.

இப்போது கவுண்டி, மாவட்டம் என்ற இரண்டு அடுக்கையும் கலைத்து, எல்லா வேலையையும் பார்க்கும் ஒரே அடுக்குக் கவுன்சில்களாக்கப் போகிறார்கள். கொள்கையளவில் எனக்குச் சம்மதம்; குப்பைக்கு யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பமாவது தீரும். அளவில்தான் தகராறு. அரசின் 2024 டிசம்பர் வெள்ளை அறிக்கை (கொள்கை அறிக்கை) ஒரு கவுன்சிலுக்கு 5 லட்சம் பேரோ அதற்கு மேலோ என்ற கணக்கை வைத்தது. சர்ரே கவுண்டியை இரண்டு கவுன்சில்களாகப் பிரிக்க முடிவாகிவிட்டது. பெரிதானால் சிக்கனம் என்கிறார்கள். அலுவலகக் கட்டடத்திலும் கணினி ஒப்பந்தத்திலும் மிச்சம் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் பராமரிப்புச் செலவு கட்டடத்தைப் பார்த்து ஏறுவதில்லை, முதுமையைப் பார்த்து ஏறுகிறது. கவுன்சிலர்களின் எண்ணிக்கை குறைவதையும் சிக்கனமாக எழுதுகிறார்கள். அந்த வயல் நடைபாதையில் போய் நின்று பார்த்த கவுன்சிலர் நான் ஒருவன்தான். என் தொகுதி இரண்டு மடங்காக இருந்தால் போயிருக்க மாட்டேன். ஆலோசனைப் படிவத்தில் இதை அப்படியே எழுதி, இன்னும் சிறிய கவுன்சில்களாகப் பிரிக்கும்படி கேட்டிருக்கிறேன்.