வெயிலுக்கென்றே பிறந்த பச்சை: ஒரு ஹாலோகிராஃபிக் நகப்பூச்சைப் பற்றி

ஒளி பட்டால் வானவில் நிறங்களைக் காட்டும் பச்சை ஹாலோகிராஃபிக் நெயில் பாலிஷை நிழலில் மட்டும் பார்த்துவிட்டு எடைபோடுவது அதற்கு இழைக்கும் அநியாயம். மேகம் மூடியிருக்கும் நேரத்திலோ, வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சிதறி வரும் அறையிலோ அது வெள்ளிச் சாயல் கொண்ட, சற்றே மங்கிய பச்சையாகத்தான் தெரியும். அதே விரலை நேர் வெயிலில் நீட்டினால், நகத்தின் வளைவை ஒட்டி, பொன்மஞ்சளில் தொடங்கி, தளிர்ப்பச்சையையும் மயில்நீலத்தையும் கடந்து, ஓரத்தில் மெல்லிய ஊதாவாகக் கரையும் வண்ணக்கீற்று ஒன்று எழுகிறது; விரல் அசையும்போதெல்லாம் அதுவும் இடம் மாறுகிறது. கைபேசியின் டார்ச் ஒளியிலும் இதைக் காணலாம், ஏனெனில் ஒளி ஒரே திசையிலிருந்து வந்தால்தான் நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். பல திசைகளிலிருந்து வந்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மறுபடியும் வெண்மையாகிவிடும்.

இந்த வித்தையைச் செய்பவை பூச்சில் கலந்துள்ள நுண்ணிய உலோகச் செதில்கள். ஒவ்வொரு செதிலின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத இணைகோடுகள் மிக நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. அவற்றின் மேல் படும் ஒளி, நிறத்துக்கு ஒரு கோணமாக விலகித் திரும்புகிறது. சி.டி. தட்டின் அடிப்புறத்தில் தெரியும் வானவில்லும் இவ்வாறே உண்டாவதுதான். அதில் தடங்களுக்கு இடையிலான தூரம் 1.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). செதில்கள் மிகச் சிறியவையாக இருந்து நகத்தின் மேல் தட்டையாகப் படுத்திருந்தால், தொடர்ச்சியான கீற்று கிடைக்கும். இதை லீனியர் ஹாலோ என்பார்கள். துகள்கள் பெரியவையாக இருந்தால் ஒவ்வொன்றும் தனிப் புள்ளியாக மின்னும். அது ஸ்கேட்டர்டு ஹாலோ. இரண்டில் என் மனம் எப்போதும் முதலாவதன் பக்கமே சாய்கிறது.

வெள்ளி நிற ஹாலோவில் எல்லா நிறங்களும் ஒரே அளவில் முன்னால் வந்து நிற்பதால், கண் எங்கே தங்குவது என்று தெரியாமல் அலைகிறது. பச்சையில் அப்படியில்லை. செதில்களைச் சூழ்ந்திருக்கும் பச்சைச் சாயம் சிவப்பையும் ஊதாவையும் ஓரளவு விழுங்கிக்கொண்டு, மஞ்சளுக்கும் நீலப்பச்சைக்கும் இடைப்பட்ட நிறங்களைத் தாராளமாக வெளியே விடுகிறது. பகல் வெளிச்சத்தில் நம் கண்ணின் கூர்மை உச்சத்தில் இருப்பதும் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில்தான் என்பதால், கீற்று அடங்கியதாகவும் அதே சமயம் பிரகாசமாகவும் தோன்றுகிறது. சாயம் அளவுக்கு மிஞ்சினால் செதில்கள் மூழ்கிப்போய் வானவில் மங்கிவிடும். ஆகவே அடர்பச்சையைவிட நடுத்தரப் பச்சையையே நான் பரிந்துரைப்பேன்.

பூசும் முறையில் உள்ள அத்தனை கவனமும் ஒரே நோக்கத்துக்காக: செதில்கள் தட்டையாகப் படிய வேண்டும். வைத்திருந்த பாட்டிலில் அவை அடியில் தங்கிவிடுவதால், முதலில் அதை உள்ளங்கைகளுக்கு நடுவே நிதானமாக உருட்ட வேண்டும். நிறப் பூச்சுக்கு முன் நகத்தில் போடும் அடிப்பூச்சான பேஸ் கோட்டைத் தவிர்க்கக் கூடாது. பச்சைச் சாயம் நகத்தில் கறையாகத் தங்கக்கூடும் என்பதோடு, நகத்தில் உள்ள சிறு வரிகள்கூட இந்தப் பூச்சின் மேல் அப்படியே எடுத்துக்காட்டப்படும். பேஸ் கோட் முழுமையாகக் காய்ந்த பிறகு, பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டிலின் வாயில் வழித்துவிட்டு, நடுவில் ஓர் இழுப்பு, இருபுறமும் ஒவ்வோர் இழுப்பு என நிறப் பூச்சின் மெல்லிய முதல் அடுக்கை, அதாவது முதல் கோட்டை, போட வேண்டும். அது திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் சரிசெய்யத் துடிக்கும் கையைக் கட்டுப்படுத்திக்கொள்வது மிக முக்கியம். பூச்சில் உள்ள எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாக ஆவியாகப் படலம் மெலிந்து கீழ்நோக்கிச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே செதில்களை அழுத்திப் படுக்க வைக்கிறது. பாதி காய்ந்த நிலையில் பிரஷ் மறுபடி பட்டால், அவை கிளறப்பட்டு அந்த இடம் மட்டும் பளபளப்பற்ற சாம்பல் திட்டாக நின்றுவிடும். முதல் கோட் நன்றாகக் காய்ந்ததும் இரண்டாவது கோட் போட்டால், பெரும்பாலும் நிறம் நிறைந்துவிடும். நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷால் ஒருமுறை தொட்டுவிட்டால் முனை சீக்கிரம் தேயாது.

நிறப் பூச்சின் மேல் கடைசியாகப் போடும் டாப் கோட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். விரைவில் காயும் வகைகள் சில, கீழ்ப் படலத்தை மீண்டும் இளக்கிச் செதில்களைக் கலைத்துவிடுகின்றன. ஆகவே ஒரு நகத்தில் மட்டும் போட்டு, பக்கத்து நகத்தோடு வெயிலில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். பளபளப்பில்லாத மேட் டாப் கோட்டை இதன்மேல் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதன் சொரசொரப்பு ஒளியைச் சிதறடித்து, கீற்றை அடியோடு மங்கச் செய்துவிடும்.

அகற்றுவதற்கு ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் சில வினாடிகள் அழுத்தி வைத்திருந்து, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே வீச்சில் துடைத்தெடுப்பதே நல்லது. முன்னும் பின்னும் தேய்த்தால் வெள்ளித் தூள் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் ஒட்டிக்கொண்டு, சோப்பு போட்டுக் கழுவினாலும் எளிதில் போகாது.