ஈரக் கால் தடம்

1982இல் டெல்லி ஆசிய விளையாட்டில் சாந்த் ராம் 20 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கினார். அந்தச் சூட்டோடு சூடாக எங்கள் பி.டி. மாஸ்டர் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறு பையன்களைப் பிடித்தார். "ஓட வராதவன் நடக்கலாம்னு நெனைக்காதீங்கடா, ஓடறதைவிட இது கஷ்டம்" என்றார். ஆறில் நானும் ஒருவன்.

விடியற்காலை ஐந்தரைக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலை. காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை போய்த் திரும்ப வேண்டும். மாஸ்டர் ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்திருப்பார். வெறுங்காலை அதில் நனைத்துக்கொண்டு நடக்கச் சொல்வார். நாங்கள் தாண்டிப் போனதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரம் காய்வதற்குள் தடத்தைப் பார்ப்பார். குதிகால் முதலில் அழுந்தியிருக்க வேண்டும். இடதும் வலதும் இரண்டு வரிசையாகப் பிரியாமல் ஒரே கோட்டில் விழுந்திருக்க வேண்டும். அப்படி விழ, இடுப்பு அசைந்தே தீரும். அதைப் பார்த்துத்தான் காலை நடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். "சிரிக்கறவன் இடுப்பைப் பாக்கறான், நடுவர் முழங்காலைப் பாப்பாரு. நீங்க யாருக்காக நடக்கறீங்க?" என்பார் மாஸ்டர்.

விதி இரண்டுதான். எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்வைக்கும் கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. அந்நாளில் மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை கொடுத்துவிட்டால் வெளியேற வேண்டியதுதான். ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு 5 கிலோமீட்டர் போட்டியில் கடைசிச் சுற்றில் முதல் ஆளாக வந்துகொண்டிருந்த எனக்கு மூன்றாவது அட்டை விழுந்தது. மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தம் துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

எங்களுடையது சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் வழி. படிப்பு முடிந்ததும் பிரான்சுக்கு வந்துவிட்டேன். வேலை, பிள்ளைகள் என்று வருடங்கள் ஓடின. பிரெஞ்சு வேகநடை வீரர் யோஆன் தினிஸைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றுதான் பக்கெட்டும் ஈரத் தடமும் திரும்ப வந்தன.

எப்பர்னேயில் பிறந்து ரேன்ஸ் நகர சங்கத்துக்காக நடந்தவர் அவர். 2006இலும் 2010இலும் 50 கிலோமீட்டரில் ஐரோப்பிய சாம்பியன். 2014 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள், இங்கே விடுமுறை. சூரிச்சில் அவர் 3 மணி 32 நிமிடம் 33 நொடியில் உலக சாதனையோடு மூன்றாவது முறையாக வென்றார். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 15 நொடி. நம்மில் பலர் ஓடினாலும் அந்த வேகம் வராது. உடனே புதுச்சேரிக்குப் போன் போட்டேன். நேரத்தைச் சொன்னேன். "அது கெடக்கட்டும், முழங்கால் எப்படி இருந்துச்சு?" என்றுதான் மாஸ்டர் கேட்டார்.

ஒலிம்பிக் மட்டும் தினிஸுக்குக் கைகூடவே இல்லை. பெய்ஜிங்கில் பாதியில் நின்றார். லண்டனில் தகுதி நீக்கம். 2016இல் ரியோவில் பாதி தூரத்துக்கு மேல் முன்னால் போனவருக்கு வயிறு கெட்டுவிட்டது. நின்றார், நடந்தார், சாலையிலேயே விழுந்தார். என்னால் பார்க்க முடியவில்லை, டிவியை நிறுத்திவிட்டேன். அப்போது போன் அடித்தது. புதுச்சேரியில் சாயங்காலம். "டேய், எழுந்துட்டான்டா. நடக்கறான், பாரு" என்றார் மாஸ்டர். குரல் உடைந்திருந்தது. மறுபடி டிவியைப் போட்டேன். இரண்டு பேரும் போனை வைக்காமலே, பேசாமலே, அவர் எட்டாவதாக முடிக்கும்வரை பார்த்தோம்.

அடுத்த வருடம் லண்டனில், 39 வயதில், உலக சாம்பியன். இரண்டாவதாக வந்தவர் எட்டு நிமிடத்துக்கும் மேல் பின்னால். அதைவிட ரியோவின் அந்த எட்டாம் இடத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் நடைப் போட்டி நடந்த சப்போரோவில் பாதியில் விலகியதோடு ஓய்வு பெற்றார். ஒலிம்பிக்கில் 50 கிலோமீட்டர் நடையும் அதுவே கடைசி. அந்தத் தூரத்தை எடுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாஸ்டரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். பழைய கலங்கரை விளக்கம் தாண்டியதும் நின்று, "நீ கொஞ்சம் முன்னால நட" என்றார். நடந்தேன்.

"இடது முழங்கால் இன்னும் மடங்குதுடா. காந்தி சிலைக்குப் போ. மொதல்லேருந்து வா."

போனேன்.