பத்து டாலர் சீட்டு: கென்டக்கியில் எல்க் வேட்டை

எல்க் வேட்டைக்கான அனுமதியைக் கென்டக்கி மாநிலம் சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்கிறது. அந்தக் குலுக்கலில் என் பெயர் வந்ததிலிருந்து இங்கே லெக்சிங்டனில் இருக்கும் தமிழ் நண்பர்கள் மூன்று கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். எப்படி விண்ணப்பித்தாய்? நம்மைப் போன்றவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? அழிந்துபோன மிருகத்தை இவ்வளவு பாடுபட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, அதையே சுடுவது என்ன நியாயம்? முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். மூன்றாவதற்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அரைமணி நேரம் பேச முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எல்க் மான் இனம்தான். எங்கள் பாபநாசம் மலையில் பார்த்த மிளாவைவிடப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஒருகாலத்தில் கென்டக்கி முழுக்க இருந்த மிருகம், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், உள்நாட்டுப் போர் தொடங்கும் முன்பே, சுட்டுத் தீர்க்கப்பட்டுவிட்டது. 1997 டிசம்பரில் பெரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஏழு எல்க்குகளைத் திறந்துவிட்டார்கள். அப்போதைய ஆளுநர் பால் பேட்டன் வந்திருந்தார், வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம். 2002 வரை ஆறு மேற்கு மாநிலங்களிலிருந்து மொத்தம் 1,541 எல்க்குகள் லாரியில் வந்து இறங்கின. அவற்றுக்கென்று கிழக்கு மலைப்பகுதியில் 16 கவுண்டிகளை ஒதுக்கினார்கள்.

அந்த மலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது நிலக்கரி நாடு. மலையின் தலையையே வெடிவைத்துச் சீவி, நிலக்கரியை அள்ளிய பிறகு, சட்டப்படி மண்ணைப் பரப்பிப் புல் விதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காடாக இருந்த இடம் மேட்டுப் புல்வெளியாகிவிட்டது. மரம் அவ்வளவு சீக்கிரம் வராது, ஆனால் மேய்ச்சலுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஓநாய் கிடையாது, மேற்கு மாநிலங்கள் அளவுக்குப் பனியும் கிடையாது. மந்தை பெருகி, இன்று மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இதுதான் பெரியது. இங்கிருந்து பிடித்துப்போன எல்க்குகளை வைத்துத்தான் மிசூரி, வர்ஜீனியா, விஸ்கான்சின் மாநிலங்கள் தங்கள் மந்தையைத் தொடங்கின அல்லது பெருக்கின.

இதில் எனக்கு முதலில் விளங்காத விஷயம், வேட்டை தொடங்கிய தேதி. 2001-லேயே, அதாவது கடைசி லாரி வருவதற்கு முன்பே, சில அனுமதிகளோடு வேட்டையைத் திறந்துவிட்டார்கள். அவசரம் என்றுதான் நினைத்தேன். பிறகு புரிந்தது, அது வாக்குறுதியின் கணக்கு. மாநில மீன்-வனவிலங்குத் துறைக்கு அரசின் பொது வரிப்பணம் வருவதில்லை. வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணமும், 1937 சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் பிடிக்கும் மத்திய வரியின் பங்கும்தான் பெரும்பகுதி வருமானம். எல்க் கொண்டுவர ஆன செலவில் பெரிய பங்கு ராக்கி மவுண்டன் எல்க் ஃபவுண்டேஷன் கொடுத்தது, அதுவும் வேட்டைக்காரர்களின் அமைப்புதான். வேலியை முறித்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கும் மிருகத்தை உள்ளூர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும் ஒரு காரணம் வேண்டுமில்லையா? "ஒருநாள் நீங்களும் வேட்டையாடலாம்" என்ற சொல்தான் அந்தக் காரணம். அந்தச் சொல்லை ஆரம்பத்திலேயே காப்பாற்றிக் காட்டினார்கள்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். நான் பச்சை அட்டை, அதாவது நிரந்தரமாக இங்கே வசிக்கும் அனுமதி, வந்த பிறகுதான் துப்பாக்கி வாங்கினேன். எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் விசாவில் இருந்துகொண்டு இதில் இறங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். எனக்குக் கடையில் மத்திய அரசுப் படிவம் ஒன்றை நிரப்பி, அட்டை எண்ணைக் கொடுத்து, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து துப்பாக்கி கைக்கு வந்தது.

அதற்கும் முன்னால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி. 1975 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். பாடத்தை இணையத்தில் படித்துவிட்டு, ஒருநாள் மைதானத்துக்குப் போய்ச் சுட்டுக் காட்டினேன். என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை என்ன செய்வது என்று ஆசிரியர் கேட்டதும் அத்தனை பிள்ளைகளும் கோரஸாகப் பதில் சொன்னார்கள். நான் வாயை அசைத்தேன்.

அம்மாவுக்கு விஷயம் போனதும், "ஏல, மானைச் சுட்டா உள்ள தூக்கி வச்சிருவாங்கல்லா! அந்த இந்தி நடிகனையே எத்தன வருசம் கோர்ட்டுக்கு இழுத்தாங்க!" என்றாள். அவள் சொன்னது நம் ஊருக்குச் சரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்தியாவில் மான் வேட்டைக்கு இடமில்லை. "இங்க கவர்மெண்டே சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குடுக்குதும்மா" என்றதற்கு, "அப்ப ஆடு வாங்கித் தின்ன முடியாதால?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா மட்டும் துப்பாக்கி என்ன விலை என்று விசாரித்தார்.

விண்ணப்பம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் முடிய, துறையின் இணையதளத்தில். ஒவ்வொரு வகை அனுமதிக்கும் பத்து டாலர், பெயர் வராவிட்டால் அந்தப் பணம் போனதுதான். 2020-களின் தொடக்கத்தில் மொத்தம் 594 அனுமதிகள் வைத்தார்கள். துப்பாக்கியால் ஆண் எல்க் 150, துப்பாக்கியால் பெட்டை 244, வில்லுக்கு 175, சிறுவர்களுக்கு 25. விண்ணப்பங்களோ பல்லாயிரம். மேற்கு மாநிலங்களில் பல இடங்களில் வருடா வருடம் விண்ணப்பித்தால் புள்ளி சேர்ந்துகொண்டே வரும், பழைய ஆளுக்கு முன்னுரிமை. கென்டக்கியில் அது கிடையாது. இருபது வருடமாகப் போடுபவரும் நேற்றுப் போட்டவரும் ஒன்றுதான். வெளிமாநிலத்தாருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள், ஆக உள்ளூரில் வசிப்பது பெரிய லாபம். எல்லோரும் கொம்பனுக்குத்தான், அதாவது ஆணுக்குத்தான் போடுவார்கள். நான் கொம்பனுக்கும் போட்டேன், பெட்டைக்கும் போட்டேன். வந்தது பெட்டை. அலுவலகத்தில் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் வாழ்த்துச் சொன்ன விதத்தில் அவ்வளவு சந்தோஷம் தெரியவில்லை.

பெயர் வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். அனுமதிக்கட்டணம் தனி, ஆண்டு வேட்டை உரிமம் தனி. எந்தப் பகுதி வேண்டும் என்று விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். பகுதி கிடைத்தாலும் நிலம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. எல்க் இருக்கும் நிலத்தில் பெரும்பகுதி நிலக்கரி, மரக் கம்பெனிகளுக்கும் தனியாருக்கும் சொந்தம். பொதுமக்கள் வேட்டையாடத் திறந்துவிட்ட நிலங்களும் உண்டு, அவற்றின் வரைபடம் இணையத்தில் கிடைக்கும். ஆனால் எல்க்குக்கு வரைபடம் தெரியாது. ஒரு நிலக் கம்பெனிக்கு அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், அழைத்தேன், செய்தி விட்டுவைத்தேன், பதிலே இல்லை. பெட்டைக்கோ கொம்பனுக்கோ ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். கடைசியில் நண்பரின் நண்பர் மூலம், ஹேசார்ட் என்ற ஊர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் கிடைத்தார். தன் நிலத்துக்கும் அண்டை நிலத்துக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிவைத்திருந்தார். கட்டணம் நியாயம். அவரைச் சந்தித்த அன்றே, "என்ன துப்பாக்கி?" என்று கேட்டார். எல்க்குக்குக் குழல் விட்டம் .270-க்குக் குறைந்த ரைபிள் கூடாது என்பது இங்குள்ள விதி. என்னுடையது தர்ட்டி ஆட் சிக்ஸ் (.30-06), அதைவிடப் பெரிது. தலையாட்டினார். "எவ்வளவு தூரத்திலிருந்து சுடுவாய்?" என்றார். இருநூறு கஜத்துக்கு மேல் மாட்டேன் என்றேன். அதற்குத்தான் முகம் மலர்ந்தது.

கோடை முழுக்க மைதானத்தில் பயிற்சி. பெஞ்சில் துப்பாக்கியைச் சாத்திவைத்துச் சுடுவது வேறு, சரிவில் உட்கார்ந்து முழங்காலில் முட்டுக்கொடுத்துச் சுடுவது வேறு. ஈயத் துணுக்கு கறியில் கலக்கும் என்பதால் செம்புத் தோட்டாவுக்கு மாறினேன், அது விலை கூடுதல், துப்பாக்கியை மறுபடி முதலிலிருந்து சரிபார்க்கவும் வேண்டியிருந்தது.

பெட்டைக்கான பருவம் குளிர்காலத்தில். சூரியோதயத்துக்கு அரைமணி முன்பிலிருந்து சுடலாம். தலையிலும் மார்பிலும் முதுகிலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் கட்டாயம். மான் இனத்துக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது, மனிதனுக்குத் தெரிவதற்காகத்தான் அது. இருட்டில் பழைய சுரங்கப் பாதையில் ஏறினோம். சரளைக்கல் முழுக்க உறைபனி, மிதித்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம். பெரியவர் காலை எடுத்துவைக்கும் இடத்திலேயே நானும் வைத்தேன். முதல் நாட்கள் வெறும் தடமும் புழுக்கையும்தான். ஒருநாள் ஒரு கொம்பன் முந்நூறு கஜத்தில் நின்று எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கு நான் வைத்திருந்த சீட்டின் விவரம் தெரிந்திருக்கும்போல.

பிறகு ஒரு காலை, வெட்டிய மலையின் மேட்டுத்தட்டில் ஒரு கூட்டம். பதினைந்து இருபது இருக்கும். பெரியவர் தொலைநோக்கியை எடுக்காமலேயே, "வலது கடைசியில் இருப்பது வேண்டாம், பின்னால் கன்று நிற்கிறது. நடுவில் தனியாகத் திரும்பி நிற்பதைப் பார்" என்றார். நடுவில் இருந்ததன் பின்னால் வேறு எதுவும் இல்லாத நிலைக்காகக் காத்திருந்தோம். தோட்டா ஒன்றைத் துளைத்துக்கொண்டு அடுத்ததையும் காயப்படுத்திவிடக் கூடாது. கூட்டம் மேய்ந்துகொண்டே நகர்ந்தது, சேர்ந்தது, பிரிந்தது. விரல் மரத்துப்போன நேரத்தில் வழி கிடைத்தது. முன்னங்கால் சப்பைக்குச் சற்றுப் பின்னால். நாற்பதடி ஓடி விழுந்தது. கூட்டம் உடனே ஓடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தது, அப்புறம் வரிசையாக மரங்களுக்குள் போயிற்று.

வயிற்றைத் திறந்தபோது உள்ளே கரு இருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. செப்டம்பரில் இணைசேரும், ஜூனில் கன்று போடும், ஆக டிசம்பரில் வளர்ந்த பெட்டை பெரும்பாலும் சினையாகத்தான் இருக்கும். படித்துவைத்திருந்தாலும், குளம்பு வரை வடிவம் வந்துவிட்ட ஒன்றைக் கையில் எடுத்து ஓரமாக வைப்பது வேறு. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

நண்பர்களின் மூன்றாவது கேள்வி இங்கேதான் வருகிறது. கொம்பனைச் சுட்டால் மந்தையின் பெருக்கம் குறைவதில்லை. மந்தையை ஓர் அளவில் நிறுத்த வேண்டுமென்றால் பெட்டையைத்தான் எடுக்க வேண்டும். ஒருகாலத்தில் மலைச்சிங்கமும் ஓநாயும் செய்த வேலையை யாராவது செய்தாக வேண்டும், இல்லையென்றால் மிருகம் நெடுஞ்சாலைக்கும் தோட்டத்துக்கும் வரும், அப்புறம் அதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் இது தராசைப் பார்த்துக்கொண்டே செய்கிற காரியம். 2000-களின் இறுதியில் ஆயிரம் வரை போன அனுமதியைப் பின்னர் 600-க்குக் கீழே இறக்கியிருக்கிறார்கள். வெண்வால் மான் சுமந்து திரியும் ஒரு மூளைப்புழுவாலும் எல்க்குகள் சாகின்றன, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனை என்பதை ஆண்டுதோறும் திருத்தும்வரை இது எனக்குச் சம்மதம். மந்தையை எண்ணாமல் அனுமதியைக் கூட்டிக்கொண்டே போனால் நானே எதிர்த்து எழுதுவேன்.

சுட்ட அன்று நள்ளிரவுக்குள் துறைக்குத் தொலைபேசியில் பதிவு செய்து உறுதி எண் வாங்க வேண்டும். சிக்னல் கிடைக்க மலை இறங்க வேண்டியிருந்தது. நான்கு சப்பைகளையும் கழற்றி, துணிப்பையில் போட்டு, வண்டிக்குச் சுமந்ததில் முதுகு இரண்டு வாரம் பேசியது. கறியை விற்கக் கூடாது, கொடுக்கலாம். பெரியவருக்கு ஒரு தொடையும் முதுகுச் சதையில் பாதியும் போயிற்று.

சமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கொழுப்பே இல்லாத கறி, ஆட்டுக்கறி என்று நினைத்து வறுத்தால் கயிறாகிவிடும். கால் கறியைத் தயிரில் இரவு முழுக்க ஊறவைத்து, குக்கரில் ஆறு விசில் விட்டு, அப்புறம் நல்லெண்ணெயில் மிளகு, சின்ன வெங்காயம் போட்டுச் சுருட்டினால் நன்றாக வருகிறது. முதுகுச் சதையைக் குக்கரில் போடுவது பாவம், இரண்டு பக்கமும் சூடான கல்லில் காட்டி எடுத்தால் போதும்.

ஒருமுறை குலுக்கலில் பெயர் வந்தவர் மூன்று ஆண்டு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. ஆக எனக்கு இப்போது வேலை இல்லை. உங்களுக்கு உண்டு. ஏப்ரல் முடிவதற்குள் போட்டுவிடுங்கள், பெட்டை வரிசையையும் விடாமல் போடுங்கள். பெயர் வந்தால், துப்பாக்கி வாங்குவதற்கு முன் நிலத்துக்கு அனுமதி தேட ஆரம்பியுங்கள். ஹேசார்ட் பெரியவரிடம் வேண்டுமானால் நான் பேசிப் பார்க்கிறேன்.