சாக்கெட் இல்லை என்றது சூப்பர்வைசர், காணாமல் போனது பென்டிரைவ்

சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் ஒரு டிஹெச்டி22 சென்சார், கீழே அலமாரியில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி. 5 நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறிக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், அதை டெலிகிராமில் வீட்டாருக்கு அனுப்ப ஒரு பாட். இரண்டையும் சூப்பர்வைசர் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, எது விழுந்தாலும் தூக்கி நிறுத்தும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அந்த மெசேஜைப் பார்த்துவிட்டுத்தான் காட்பாடியிலிருந்து அக்கா கிளம்புவாள்.

போன வாரம் ராத்திரி கரண்ட் போய் விடியற்காலையில்தான் வந்தது. பத்து மணிக்கு அக்கா போன். "என்னடா, வெயில் மெசேஜே காணோம்?"

சூப்பர்வைசரிடம் பேசும் கமாண்டான சூப்பர்வைசர்சிடிஎல்லில் ஸ்டேட்டஸ் கேட்டேன். வார்/ரன் ஃபோல்டரில் சூப்பர்வைசர்.சாக் என்ற சாக்கெட் ஃபைலே (ப்ரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசல்) இல்லை, 'நோ சச் ஃபைல்' என்றது. ஃபைல்தானே இல்லை என்று, காலி ஃபைல் போடும் டச் கமாண்டில் அதே பெயரில் ஒன்றை உருவாக்கினேன். இதை யாரும் செய்யாதீர்கள். பிழை போகவில்லை, 'ரெஃப்யூஸ்டு கனெக்‌ஷன்' என்று வார்த்தைதான் மாறியது. ஆனால் விஷயம் அங்கேதான் புரிந்தது. அந்த சாக்கெட்டை உருவாக்குவது நாம் இல்லை, சூப்பர்வைசரின் பின்னணி ப்ரோகிராமான சூப்பர்வைசர்டி. அந்த ஃபோல்டர் ராம் மெமரியில் இருப்பதால் ரீபூட் ஆனதும் காலியாகிவிடும், சூப்பர்வைசர்டி எழுந்தால்தான் சாக்கெட் திரும்ப வரும். 'ஃபைல் இல்லை' என்றால் அது இன்னும் எழவே இல்லை, அல்லது நாம் வேறு இடத்தில் தேடுகிறோம். 'ரெஃப்யூஸ்டு' என்றால் பெயர் இருக்கிறது, உள்ளே கேட்க ஆள் இல்லை. 'பர்மிஷன் டினைடு' வந்தால் ஆள் இருக்கிறது, அட்மின் உரிமை தரும் சூடோ போடாமல் வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, ஏன் எழவில்லை? சர்வீஸ்களின் நிலை சொல்லும் சிஸ்டம்சிடிஎல் 'ஃபெயில்டு' என்பதோடு நிறுத்திக்கொண்டது. சூப்பர்வைசர்டியைப் பின்னணிக்குப் போகவிடாமல் -n ஆப்ஷனோடு கையால் ஓட்டியதும் ஒரே வரியில் காரணம் வந்துவிட்டது: பாட் ஸ்கிரிப்ட் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலுக்குக் கொடுத்த ஃபோல்டர் இல்லையாம். ஒரு ப்ரோகிராமின் லாக் ஃபோல்டர் இல்லாவிட்டாலும் சூப்பர்வைசர்டி மொத்தமாகவே கிளம்ப மறுத்துவிடும், மற்ற ப்ரோகிராம்களையும் தொடாது.

மெமரி கார்டு தேயக் கூடாது என்று லாக்கை பென்டிரைவில் வைத்திருந்தேன். அக்கா பையன் போட்டோ பார்க்க இன்னொரு பென்டிரைவைச் செருகி அப்படியே விட்டுப்போயிருக்கிறான். கரண்ட் வந்து பை எழுந்தபோது, டிரைவுகளுக்கு வரிசையாக வைக்கும் பெயரில் அவனுடையது எஸ்டிஏ1 ஆகிவிட்டது, என்னுடையது எஸ்டிபி1. எந்த டிரைவை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் நான் எழுதியிருந்தது எஸ்டிஏ1. கூடவே நோஃபெயில் என்றும் எழுதியிருந்ததால் பூட் நிற்காமல் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது.

பிஎல்கேஐடி கமாண்டில் என் பென்டிரைவின் தனி அடையாள எண்ணான யூயூஐடியை எடுத்து அதையே எஃப்எஸ்டேபில் எழுதினேன். செருகும் வரிசை மாறினாலும் அது மாறாது. லாக்கை மட்டும் கார்டிலேயே வார்/லாக் ஃபோல்டருக்குக் கொண்டுவந்துவிட்டேன். கார்டு கொஞ்சம் தேய்ந்தாலும் பரவாயில்லை, காவல்காரன் எழுவதற்கே இன்னொரு பொருளை நம்பியிருக்கக் கூடாது என்பது என் முடிவு. பழைய டச் ஃபைலை அழிக்க வேண்டியிருக்கவில்லை, சூப்பர்வைசர்டியே அதை எடுத்துவிட்டு புது சாக்கெட் போட்டுக்கொண்டது.

அப்புறம் பார்த்தால் சென்சார் ஸ்கிரிப்ட் 'ரன்னிங்', பாட் 'ஃபேட்டல்', அதாவது முயன்று பார்த்துக் கைவிடப்பட்டது. காரணம் வேறு. சோதித்துப் பார்க்க ஒருமுறை மெயினை அணைத்துப் போட்டிருந்தேன். வைஃபை ரூட்டர் எழ எங்கள் வீட்டில் இரண்டு நிமிடம் ஆகும், பை அதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. பாட் டெலிகிராமைத் தேடிக் கிடைக்காமல் விழுகிறது. மறுமுயற்சி எண்ணிக்கையான ஸ்டார்ட்ரெட்ரைஸ் இயல்பாக 3, ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பு ஒரு விநாடி கூடும். 1, 2, 3 என்று ஆறு விநாடியில் கைவிட்டுவிடுகிறது. அதை 20 ஆக்கினேன். கூட்டினால் 210 விநாடி, மூன்றரை நிமிடம் கிடைக்கும். எத்தனை விநாடி விழாமல் ஓடினால் 'ரன்னிங்' என்று எண்ணலாம் என்ற ஸ்டார்ட்செக்ஸையும் 1-லிருந்து 10 ஆக்கி, மாற்றம் ஏற ரீரீட், அப்டேட் கொடுத்தேன்.

மறுபடி மெயினை அணைத்துவிட்டு, பையன் விட்டுப்போன பென்டிரைவையும் வேண்டுமென்றே செருகி, ஆன் செய்தேன். பாட் கொஞ்ச நேரம் 'பேக்ஆஃப்' (மறுமுயற்சிக்குக் காத்திருப்பு) காட்டியது, மூன்றாவது நிமிடம் 'ரன்னிங்'. அக்காவுக்கு மெசேஜ் போய்ச் சேர்ந்தது: 39.4 டிகிரி.