நாக்கோரத்துக் கட்டி: வவுனியா நாட்குறிப்பு

2024 ஜூன் 3, திங்கள்

நோயாளியின் நாக்கில், இடது ஓரத்தில் 1.5 செ.மீ. கட்டி. ஒன்றரை வருசமாக மெல்ல வளர்ந்திருக்கிறது, நோவில்லை. மேலே புண்ணில்லை, ரப்பர் மாதிரி உருளுகிறது. வெற்றிலையும் புகையிலையும் போடுகிற வன்னியில் நாக்கோரம் என்றாலே புற்றுநோயை முதலில் நினைப்பது சரிதான். ஆனால் அது அடியில் இறுகி ஒட்டியிருக்கும், பெரும்பாலும் புண்ணாகும். கழுத்தில் நெறி கட்டவில்லை.

அழுத்தினால் வெளிறினால் அல்லது துடித்தால் கத்தியைத் தொடக்கூடாது. இரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். இது வெளிறவில்லை. ஊசியால் உறிஞ்சியும் எதுவும் வரவில்லை.

சட்டையைக் கழற்றித் தோலையும் பார்க்க வேண்டும். வளர்ந்தவரில் 15 மி.மீ.க்கும், பருவமடையாத பிள்ளையில் 5 மி.மீ.க்கும் பெரிய பால்கோப்பி நிறத் திட்டுகள் ஆறோ கூடவோ இருந்தால், நரம்புகளில் கட்டிகள் பல முளைக்கும் பரம்பரை நியூரோபைப்ரோமா நோயைத் தேட வேண்டும். உதட்டிலும் நாக்கிலும் சின்ன முடிச்சுகள் பல இருந்தால் தைரொயிட்டைப் பார்க்காமல் விடக்கூடாது: அந்த முடிச்சுகள் தீங்கில்லாதவை, கூடவரும் தைரொயிட் புற்றுநோய் அப்படியல்ல.

ஜூன் 5, புதன்

நரம்பில் முளைத்த கட்டி என்றே சந்தேகம். நரம்பு, கட்டிக்குப் பக்கத்தால் போகிறதா, ஊடாகப் போகிறதா? எல்லா முடிவும் இதில்தான் தொங்குகிறது. ஷ்வானோமா என்ற வகை நரம்புறையில் முளைத்து, தனக்கொரு கூடு கட்டி, நரம்பை ஓரத்துக்குத் தள்ளும். உரித்தெடுத்தால் நரம்பு தப்பும். நியூரோபைப்ரோமாவில் நார்கள் கட்டிக்குள்ளேயே கலந்திருக்கும், பெரும்பாலும் கூடும் இராது. முழுதாக எடுத்தால் அந்தக் கிளையும் சேர்ந்து போகும். எம்.ஆர்.ஐ. இதை எப்போதும் பிரித்துக் காட்டாது. ஆகவே விறைப்பு, சுவை குறைதல் இரண்டையும் சம்மதக் கையெழுத்துக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும்.

இந்த அளவுக்குத் துண்டு வெட்டிப் பரிசோதிப்பதில் பயனில்லை. கூட்டைக் கீறினால் தழும்பு ஒட்டி, பிறகு உரிக்க வராது. முழுக்கட்டியே பயோப்சி.

ஜூன் 12, புதன்

நாக்கு நரம்புக்கு விறைப்பு ஊசி: 2% லிக்னொகெய்ன், 1:80,000 அட்ரினலின். கட்டியைச் சுற்றிக் கொஞ்சம். கட்டிக்குள் போட்டால் கூட்டின் எல்லை மங்கிவிடும். நாக்கு நுனியில் 2-0 பட்டு நூல் கோத்து இழுத்துப் பிடிப்பு.

கீறல் நாக்கின் நீளவாக்கில், மேற்சவ்வு மட்டும். பிறகு கத்திக்கு வேலையில்லை. மொஸ்கிற்றோ என்ற சின்னக் கவ்வியை மூடியபடி நுழைத்து, விரித்து, எடுத்து, மறுபடி நுழைக்க வேண்டும். மஞ்சள் வெள்ளையாக மினுங்கும் கூடு தெரிந்தால் தளம் சரி. தசை நார் கட்டியோடு ஒட்டி வந்தால் வெளியே தவறிவிட்டோம். சளி மாதிரிப் பிதுங்கினால் கூடு கிழிந்துவிட்டது. கிழிவதற்குப் பொதுவான காரணம் கட்டியைப் பல்லுக் கவ்வியால் பிடித்து இழுப்பது. நுனிகளில்தான் அவசரப்படக்கூடாது: நரம்பிழை அங்கேதான் கூட்டுக்குள் நுழையும். உரியாத இழையை மட்டும் வெட்டலாம், மற்றதை ஒதுக்க வேண்டும். இரத்தத்தை நிறுத்த, இரு முனைகளுக்கிடையே மட்டும் சுடும் பைபோலர், குறைந்த அளவில். மற்ற வகைச் சூடு நரம்புவரை பரவும்.

வெறும் குழியை விட்டு மேலே மட்டும் தைத்தால் உள்ளே இரத்தம் தேங்கும், வாய்த்தரை எழும்பும், மூச்சுக்கும் ஆபத்து. எனவே தசையை 4-0 விக்ரிலால் (தானே கரையும் நூல்) அணைத்து, மேற்சவ்வை அகலமாகப் பிடித்துத் தளர்வாகத் தையல். நாக்கு இரவில் வீங்கும். இறுக்கிய நூல் சதையை அறுத்துவிடும்.

கட்டி வெட்டப்படாமல், ஒரு நுனியில் நூல் அடையாளத்தோடு, அதன் பத்து மடங்கு 10% போர்மலினில். சேலைனில் (உப்புநீரில்) போட்டுப் பேராதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போய்ச்சேருவது அழுகல்.

ஜூன் 13

வீக்கம் அளவானது. விறைப்பு விடும்வரை சூடான தேநீர் வேண்டாம். நாக்கைக் கடித்தாலும் தெரியாது.

ஜூலை 3, புதன்

அறிக்கை: ஷ்வானோமா. சுவீடன் நரம்பியல் மருத்துவர் நீல்ஸ் அன்டோனி 1920இல் பிரித்த இரண்டு கோலமும் உண்டு: அணிவகுத்த செல் கருக்களோடு நெருக்கமான ஏ, தளர்ந்த பி. நரம்புறைச் செல்களில் இருக்கும் எஸ்-100 புரதத்துக்கான சாயச் சோதனை முழுக்கப் பொசிற்றிவ்.

நாக்கு முதுகில் வரும் கிரனுலார் செல் கட்டியும் எஸ்-100 காட்டும். அதில் மேலோட்டமாகச் சுரண்டி அனுப்பினால், மேற்சவ்வின் பொய் வளர்ச்சி புற்றுநோய் மாதிரித் தோன்றும். இல்லாத நோய்க்கு நாக்கே போகலாம். ஆழமாக எடுக்க வேண்டும்.

இங்கே மறக்கக்கூடாத இன்னொன்று, பழைய எறிகணைத் துண்டுக் காயத்துத் தழும்பிலும், கட்டுப்பல் அழுத்தும், நரம்பு வெளிவரும் கீழ்த்தாடைத் துளையருகிலும் வரும் நரம்பு முடிச்சு. இது உண்மையான கட்டியல்ல, அறுந்த நரம்பு வழிதேடிச் சுருண்டது. அழுத்தினால் மின்சாரம் அடித்தமாதிரி நோகும். முதலில் கட்டுப்பல்லைக் குடைந்து அழுத்தம் எடுத்துப் பார்ப்பதே நல்லது.

ஜூலை 10, புதன்

பஞ்சுத் தொடுகை, ஊசிமுனை இரண்டையும் கண்ணை மூடவைத்து வலப்பக்கத்தோடு ஒப்பிட்டால், நுனியில் ஒரு சிறு இடம் மட்டும் மந்தம். நரம்பு அறாவிட்டால் வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும். எல்லையைப் படம் வரைந்து நோயாளியின் கோப்பில் வைத்தாயிற்று. அடுத்த முறை அதே இடத்தில் தொட்டுப் பார்க்க.